ஹால் சுவரில் எகிப்தியத் தெய்வங்கள்: எதை வரையலாம், எதை எங்கே வைக்கலாம்?

சுவர்க்கோலம் எழுதியது:

வணக்கம் மக்களே. வீடுகளுக்குச் சுவர் ஓவியம் வரைந்து கொடுப்பது என் தொழில். இப்போது ஒரு வாடிக்கையாளர் ஹாலின் நீளச் சுவர் முழுக்க எகிப்து பாணியில் வேண்டும் என்கிறார். பதினான்கு அடி நீளம், ஒன்பது அடி உயரம். புட்டி பார்த்து பிரைமர் அடித்துத் தயாராக இருக்கிறது.

மாதிரிக்கு அவர் அனுப்பியது ஏஐ போட்டுக் கொடுத்த படம். நடுவில் ஜிம்முக்குப் போன உடம்போடு நரித்தலை அனுபிஸ். அவர் தலைக்கு மேல் பெரிய கண், பின்னால் பிரமிடு, ஓரத்தில் கிளியோபாட்ரா, இடைவெளி தெரிந்த இடமெல்லாம் அங்க் சின்னம். சித்திர எழுத்து என்று அதில் இருப்பவை எழுத்தே இல்லை, வெறும் கிறுக்கல்.

அதை அப்படியே சுவரில் ஏற்றிவிட்டால் சீக்கிரம் வேலை முடியும், பணமும் வந்துவிடும். மனசு ஒப்பவில்லை. ஒரு ஜனம் மூவாயிரம் வருஷம் நம்பிக் கும்பிட்ட வடிவங்கள். அதில் கை வைக்கிறோம் என்றால் என்ன வரைகிறோம் என்றாவது தெரிய வேண்டாமா? எந்தத் தெய்வத்தை வீட்டில் வரைவது பொருத்தம்? சின்னங்களை எங்கே வைத்தார்கள்? நிறங்களுக்கு என்ன கணக்கு? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள், அவசரம் இல்லை.

---

மேற்குக்கரை எழுதியது:

அக்கா, நல்ல கேள்வி. வேலை நிமித்தம் சில வருஷம் எகிப்தின் லக்சர் நகரில் இருந்தவன் நான். ஓய்வு கிடைத்தால் நைல் ஆற்றைக் கடந்து மேற்குக் கரைக் கல்லறைகளுக்குத்தான் போவேன். அங்கே பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதல் வேலையாக அந்தக் கலவைப் படத்தைத் தள்ளி வையுங்கள். பெரிய பிரமிடுக்கும் கிளியோபாட்ராவுக்கும் நடுவே சுமார் 2,500 வருஷம் ஓடியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் திணித்தால் அது எந்தக் காலத்துச் சுவராகவும் இருக்காது. நிஜமாக இருக்கும் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் நெஃபர்தாரி கல்லறையைப் பாருங்கள். இரண்டாம் ராம்சேஸின் பட்டத்து ராணி. 1904-இல் இத்தாலியரான எர்னெஸ்தோ ஸ்கியாபரெல்லி கண்டுபிடித்தார். நகையும் பொன்னும் என்றோ கொள்ளை போய்விட்டன, சுவர்கள்தான் மிச்சம். அவை போதும். ராணி தனியாக உட்கார்ந்து செனெத் என்ற பலகை விளையாட்டு ஆடுகிறாள். பெண் தெய்வம் ஐசிஸ் அவள் கையைப் பிடித்து கெப்ரியிடம் அழைத்துப் போகிறாள். கெப்ரிக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழு வண்டு. காலையில் எழும் சூரியன் அவர். இன்னொரு சுவரில் எழுத்துக்குரிய தெய்வமான தோத் முன்னால் நின்று எழுதுபலகையும் தண்ணீர்க் கிண்ணமும் கேட்கிறாள். அந்தக் கிண்ணத்தின் மேல் ஒரு தவளை உட்கார்ந்திருக்கும். ராம்சேஸ் அந்தச் சுவர்களில் எங்குமே இல்லை. முழுக்க அவளுக்கும் தெய்வங்களுக்கும் நடுவில் நடப்பது.

என் கண்ணில் நிற்பது அங்குள்ள ஒரே ஒரு உருவம். ஆட்டுக்கிடாத் தலை, அதன் மேல் சூரிய வட்டம், கழுத்துக்குக் கீழே துணி சுற்றிய சவ உடல். ஒரு பக்கம் ஐசிஸ், மறுபக்கம் அவள் தங்கை நெஃப்திஸ், இருவரும் தாங்கிப் பிடிக்கிறார்கள். ‘ராவில் இளைப்பாறுவது ஓசைரிஸ், ஓசைரிஸில் இளைப்பாறுவது ரா’ என்ற பொருளில் பக்கத்தில் எழுத்து. சூரியன் ராத்திரியில் பாதாளத்துக்குள் போய் இறந்தவர்களின் அரசனோடு ஒன்றாகி, விடிந்ததும் திரும்ப எழுகிறான். அவர்கள் மதத்தின் உயிர்நாடியே இதுதான். அதை ஒரே உருவத்தில் வைத்துவிட்டார்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தச் சுவரில் எதுவும் அழகுக்காக மட்டும் வைத்ததில்லை. ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு வேலை உண்டு. ராணியை அந்தப் பக்கம் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் வேலை. உங்கள் வாடிக்கையாளர் ஹாலில் யாரையும் அந்தப் பக்கம் அனுப்பப் போவதில்லை. அதனால் கல்லறைச் சுவரை எடுத்து ஹாலில் ஒட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

---

தாழ்வாரம் எழுதியது:

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். எமன் படத்தை யாராவது வரவேற்பறையில் மாட்டுவார்களா? அனுபிஸ் சாவுக்கான தெய்வம். வீட்டில் வேண்டாம் என்பதே என் கருத்து. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

---

மேற்குக்கரை எழுதியது:

@தாழ்வாரம் ஐயா, அனுபிஸ் உயிரைப் பறிப்பவர் இல்லை. உடல் அழுகாமல் பதப்படுத்திக் காப்பவர், இடுகாட்டுக்குக் காவல். இறந்தவரின் இதயத்தை ஒரு தட்டிலும் உண்மைக்குரிய தெய்வமான மாஅத்தின் இறகை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுக்கும்போது தராசு முள்ளைச் சரிபார்ப்பவர். அந்தக் கறுப்பு நிறமும் துக்கத்துக்கானது கிடையாது. நைல் வெள்ளம் வடிந்த பிறகு வயலில் நிற்கும் வண்டலின் நிறம். மறுபடி முளைப்பதன் நிறம். ஓசைரிஸைக் கறுப்பிலோ பச்சையிலோ தீட்டுவதும் இதற்காகவே.

ஆனாலும் உங்கள் முடிவோடு ஒத்துப்போகிறேன், காரணம்தான் வேறு. எகிப்தியர்கள் தங்கள் வீட்டுச் சுவரில் என்ன வரைந்தார்கள் என்பது நமக்குக் கொஞ்சம் தெரியும். பெரும்பாலோர் அந்தப் பக்கமே போவதில்லை.

அரசர் கல்லறைகளை வெட்டி வரைந்த கைவினைஞர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் தேர் எல் மெதினா. அந்த வீடுகளின் முன்னறையில் செங்கல்லால் கட்டி, சுற்றிலும் அடைத்த ஒரு மேடை இருக்கும். அதன் பூச்சில் பெஸ் உருவம். குள்ள உடம்பு, சிங்கப் பிடரி, வெளியே நீட்டிய நாக்கு. எகிப்திய ஓவியத்தில் அநேகமாக எல்லோரும் பக்கவாட்டில் பார்ப்பார்கள், பெஸ்ஸோ நேருக்கு நேர் நம்மைப் பார்ப்பார். கெட்டதை முறைத்துத் துரத்துகிறவர். பிள்ளை பெறும் பெண்ணுக்கும், தூங்குகிறவர்களுக்கும், ஆட்டம் பாட்டத்துக்கும் அவர்தான் துணை. அந்த ஊரின் ஒரு வீட்டில் குழலூதும் பெண் ஒருத்தியின் ஓவியம் கிடைத்தது. அவள் தொடையில் பெஸ் பச்சை குத்தியிருக்கிறது.

பெஸ்ஸுக்குத் துணையாக தவேரெத். நீர்யானை உடம்பு, சிங்கக் கால், முதுகில் முதலை. கர்ப்பிணிகளுக்குக் காவல்.

இவர்கள் ஏழை வீட்டுத் தெய்வங்கள் மட்டுமில்லை. மூன்றாம் அமென்ஹோதெப் மல்கட்டாவில் கட்டிய அரண்மனையில் அரசரின் படுக்கையறைச் சுவரிலும் பெஸ் வரிசைதான். மேலே கூரையில் சிறகு விரித்த கழுகுகள், நெக்பெத் என்ற காவல் தெய்வத்தின் வடிவம். உலகத்துப் பணமெல்லாம் கையில் இருந்த மனிதர், தான் தூங்கும் அறைக்கு அனுபிஸைக் கூப்பிடவில்லை.

---

சட்டகம் எழுதியது:

நான் பிரேம் கடை வைத்திருக்கிறேன், எகிப்து பிரிண்ட் நிறைய விற்கிறேன். வாங்க வருபவர்கள் கேட்பது ஹோரஸ் கண், அனுபிஸ், துட்டன்காமன் முகமூடி, நெஃபர்தீதி தலை. பெஸ் படம் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

என் எதிர்க் கருத்தையும் பதிவு செய்கிறேன். எகிப்து உருவங்களை அழகுக்காக மட்டும் சுவரில் வைக்கும் பழக்கம் நேற்று முளைத்ததில்லை. கி.மு. 30-இல் ரோம் எகிப்தைப் பிடித்த கொஞ்ச காலத்திலேயே ரோமானியப் பணக்காரர்கள் அதை ஆரம்பித்துவிட்டார்கள். இத்தாலியில் வெசூவியஸ் எரிமலை அடிவாரத்தில் போஸ்கோத்ரேகாசே என்ற இடத்து மாளிகையில் ஒரு கறுப்பு அறை இருந்தது. அதன் சுவர் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பளபளக்கும் கறுப்புப் பரப்பு, மெல்லிய தூண்கள், நடுவே சின்ன மஞ்சள் சட்டங்களுக்குள் எகிப்து பாணிக் காட்சிகள். அங்கே யார் கும்பிட்டார்கள்? 1922-இல் துட்டன்காமன் கல்லறை கிடைத்ததும் சினிமாக் கொட்டகை முகப்பு வரை தாமரையும் சிறகு விரித்த சூரியனும் ஏறின. அதுவும் இரண்டாயிரம் வருஷ மரபுதானே? ‘வீட்டுக்கு இது, கல்லறைக்கு அது’ என்று நாம் ஏன் கட்டுப்பெட்டியாக இருக்க வேண்டும்?

---

மேற்குக்கரை எழுதியது:

@சட்டகம் கறுப்பு அறை அருமையான உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். தடை போட நான் யார்? ஆனால் அந்த ரோமானிய ஓவியர் செய்ததைக் கவனியுங்கள். எகிப்தை அளவாக எடுத்து, சின்னச் சட்டத்துக்குள் வைத்து, சுற்றிலும் வெற்றிடம் விட்டார். அதை எகிப்தியச் சுவர் என்று காட்டவும் இல்லை. அது ஒரு வழி. இன்னொரு வழி எகிப்தியச் சுவரின் சொந்த ஒழுங்குக்குள் போய் வரைவது. இரண்டும் நல்ல வழி. பத்துத் தெய்வத்தை வெட்டி ஒட்டுவது இந்த இரண்டிலும் சேராது.

இவை வெறும் படங்கள் இல்லை என்று அவர்கள் எந்த அளவுக்கு நம்பினார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பிரமிடு காலத்து அடக்க அறைகளில் மந்திரங்களை எழுதும்போது சில எழுத்துகளையே ஊனமாக்கி எழுதியிருக்கிறார்கள். பாம்பு எழுத்து வந்தால் அதை இரண்டாக வெட்டி, தேள் வந்தால் கொடுக்கு இல்லாமல். ராத்திரியில் அவை உயிர் பெற்றுப் பக்கத்தில் படுத்திருப்பவரைத் தீண்டிவிடக் கூடாதே! இப்படி நம்பியவர்களின் வடிவங்களை எடுக்கும்போது கொஞ்சம் விசாரித்துவிட்டு எடுப்பது மரியாதை.

---

வீடும்வெளியும் எழுதியது:

உள் அலங்காரம் செய்பவள் என்ற முறையில் ஒரு யோசனை. தெய்வ உருவமே இல்லாமலும் அசல் எகிப்தியச் சுவர் உண்டு. அமர்னா என்ற ஊரில், அக்நாத்தன் என்ற அரசர் காலத்து வட அரண்மனையில், ‘பச்சை அறை’ என்று ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். கீழே நீர்க்கோடு, அதற்கு மேல் சுவர் முழுக்கப் பாப்பிரஸ் கோரைப்புதர், அதற்குள் பறவைகள். மாடப்புறாவும் கீச்சானும் தெளிவாகத் தெரியும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தலைகீழாக நீரை நோக்கிப் பாய்கிறது. மனிதர் இல்லை, அடுக்கடுக்கான பட்டைகளும் இல்லை, ஒரே தொடர்ச்சி. சுவரில் சின்ன மாடங்களும் உண்டு. நீளச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

அசல் பூச்சு சிதைந்துவிட்டது. 1920-களில் எடுத்த வண்ணப் பிரதிகள்தான் இன்று நமக்கு ஆதாரம்.

அதே அமர்னாவில் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1891-இல் கண்டெடுத்த அரண்மனைத் தரை ஓவியத்தின் கதை இன்னும் வேதனை. குளம், மீன், புதரிலிருந்து கிளம்பும் வாத்துகள், துள்ளும் கன்றுகள். உதிராமல் இருக்க அவரே ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, விரலின் பக்கவாட்டால் தடவித் தடவி மெழுகினார். மேலே கூரையும் போட்டார்கள். பார்க்க வந்த கூட்டம் வழியில் இருந்த வயலை மிதித்து நாசம் பண்ணியது. 1912-இல் ஒரு நாள் அந்த வயல்காரர் ஓவியத்தையே அடித்து உடைத்துவிட்டார். மிஞ்சிய துண்டுகள் கெய்ரோவுக்குப் போயின. பயிரை இழந்தவரின் ஆத்திரம் புரிகிறது. அதைக் கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்காமல் விட்டதுதான் ஆறவில்லை.

---

செங்காவி எழுதியது:

நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள், இது என் ஏரியா. அவர்களிடம் இருந்த நிறங்கள் கொஞ்சம்தான்: செங்காவி, மஞ்சள் காவி, கரி, சுண்ணாம்பு அல்லது ஜிப்சம் வெள்ளை, நீலம், பச்சை. புதிய அரசுக் காலத்தில் (சுமார் கி.மு. 1550–1070) பளிச்சென்ற மஞ்சளுக்கு அரிதாரம் என்ற கனிமமும் சேர்ந்தது.

நீலம்தான் இதில் ராஜா. லாபிஸ் என்ற நீலக்கல் ஆப்கானிஸ்தானிலிருந்து வர வேண்டும், விலையோ தங்கம் மாதிரி. அதனால் செயற்கையாகச் செய்தார்கள். மணல், சுண்ணாம்பு, செம்புத் தாது அல்லது வெண்கலத் துருவல், உருகுவதற்குக் கொஞ்சம் காரம். எல்லாவற்றையும் கலந்து சுமார் 900 டிகிரியில் பல மணி நேரம் சுட்டால் நீலக் கட்டி கிடைக்கும். ஒரே கட்டியிலிருந்து பல நீலம் எடுக்கலாம் என்பது இதில் அழகு. கொரகொரப்பாக அரைத்தால் அடர்நீலம், மாவாக அரைத்தால் வெளிர்நீலம். கண்ணுக்குத் தெரியாமல் மங்கிப்போன இடத்தில்கூட, வெளிச்சம் பாய்ச்சி அகச்சிவப்பு கேமராவில் எடுத்தால் இந்த நீலம் மட்டும் பிரகாசமாக ஒளிரும். அருங்காட்சியகங்கள் அழிந்த ஓவியங்களை இப்படித்தான் மீட்டுப் படிக்கின்றன.

அக்ரிலிக்கில் செய்யும்போது அல்ட்ராமரைனை அப்படியே போடாதீர்கள், ஊதா அடிக்கும். கோபால்ட் நீலத்தில் துளி பச்சை சேர்த்து, வெள்ளையால் இரண்டு மூன்று படியாக இறக்குங்கள். வெள்ளையும் பளீரென்று வேண்டாம். ஒரு சொட்டு மஞ்சள் காவி விட்டால் பழைய பூச்சின் நிறம் வந்துவிடும்.

உடல் நிறத்துக்கும் ஒழுங்கு உண்டு. ஆண்களுக்குச் செங்காவி, பெண்களுக்கு மஞ்சள். தெய்வங்களின் சதை பொன், கூந்தல் லாபிஸ் என்பது அவர்கள் நம்பிக்கை, அதனால் தெய்வத்தின் தலைமுடி பல இடங்களில் நீலமாக இருக்கும். தெய்வங்களில் அமூனுக்கு அமர்னா காலத்துக்குப் பிறகு, அதாவது அக்நாத்தனுக்குப் பிறகு, உடம்பே நீலம். ஓசைரிஸ், ப்டா இருவருக்கும் முகம் பச்சை. நிழல் போட வேண்டாம், தட்டையாக நிரப்பிக் கோடு இழுத்தால் போதும். நெஃபர்தாரியின் கன்னத்தில் மட்டும் லேசாகச் சிவப்பு ஏற்றி உருட்டியிருக்கிறார்கள். அது விதிவிலக்கு, அதைச் செய்த கையும் விதிவிலக்கான கை.

---

சுவர்க்கோலம் எழுதியது:

செங்காவி அண்ணா, பெரிய உதவி. உருவங்களின் அளவுக்கு என்ன செய்தார்கள்? என் கண்ணளவில் வரைந்தால் நவீன உடம்பாக வந்துவிடுகிறது. தோள் சரியாக உட்காரவில்லை.

---

செங்காவி எழுதியது:

கட்டம் போட்டார்கள். செங்காவியில் நனைத்த நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். இன்றைக்கும் நம் கொத்தனார், ஆசாரி எல்லோரும் நூல் அடிக்கிறார்களே, அதே வேலை. நிற்கும் உருவத்துக்குப் பாதத்திலிருந்து நெற்றி முடிக்கோடு வரை 18 கட்டம். முழங்கால் 6-இல், பிட்டத்தின் கீழ்விளிம்பு 9-இல், முழங்கை 12-இல், மார்புக் காம்பு 14-இல், கழுத்தும் தோளும் சேரும் இடம் 16-இல். உட்கார்ந்த உருவத்துக்கு 14 கட்டம். கிரீடம், கொம்பு, சூரிய வட்டம் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே, மேலே. பிற்காலத்தில் கண்ணின் மேல்இமை வரை 21 கட்டம் என்று மாற்றினார்கள். நீங்கள் 18-ஐயே பிடித்துக்கொள்ளுங்கள்.

முகம் பக்கவாட்டில், கண் மட்டும் நேர்ப்பார்வையில். தோள் நேராக விரிந்து, இடுப்பும் காலும் மறுபடி பக்கவாட்டில். உங்களுக்குத் தோள் உட்காராத காரணம் இதுதான். நாம் பழக்கதோஷத்தில் தோளையும் பக்கவாட்டுக்குத் திருப்பிவிடுவோம்.

அவர்கள் எப்படி வேலை பார்த்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் ஹோரெம்ஹெப் என்ற அரசரின் கல்லறைப் படங்களைத் தேடுங்கள். பாதியில் நின்றுபோன வேலை. ஒரு இடத்தில் சிவப்பில் முதல் கோடு, அதன் மேல் தலைமை ஓவியர் கறுப்பில் போட்ட திருத்தம், பக்கத்தில் சிற்பி செதுக்கத் தொடங்கிய பகுதி, அதற்கடுத்து வண்ணமும் முடிந்த பகுதி. ஒரு பட்டறையின் முழு வேலையும் அந்தச் சுவர்களில் படிப்படியாகத் தெரியும். ஓவியம் தொழிலாக உள்ள யாரும் அதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

---

சட்டகம் எழுதியது:

கண்ணும் அங்க்கும் எங்கே போகும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே. வாடிக்கையாளர் அதைத்தான் முதலில் கேட்பார்.

---

மேற்குக்கரை எழுதியது:

சொல்கிறேன்.

அங்க் என்றால் உயிர். தனியாக மிதப்பதைவிடக் கையில் இருப்பதே அதன் இயல்பு. தெய்வம் அதன் மேல்வளையத்தைப் பிடித்துத் தொங்கவிட்டிருக்கும், இல்லையென்றால் அரசன் அல்லது அரசியின் மூக்கருகே நீட்டும். மூச்சாக உள்ளே போக வேண்டும் என்பதற்காக மூக்கு. நெஃபர்தாரியின் தூண்களில் ஐசிஸ் அவளுக்கு அங்க் நீட்டுவதைப் பாருங்கள், இருவர் முகத்துக்கும் நடுவில் எவ்வளவு நெருக்கம்!

வாஜெத் என்ற அந்தக் கண் பருந்துத் தெய்வமான ஹோரஸுடையது. அவரது எதிரி சேத் பிடுங்கிச் சிதைத்த கண்ணை தோத் மறுபடி முழுமையாக்கினார். அதனால் அதற்கு நலம், முழுமை, காவல் என்று பொருள். மனிதக் கண்ணுக்குக் கீழே பருந்தின் முகக்கோடுகள். எகிப்தின் மத்திய அரசுக் கால (சுமார் கி.மு. 2050–1650) மரச் சவப்பெட்டிகளில் இடது பக்கத்தில் இந்தக் கண் ஜோடியாக இருக்கும். உள்ளே இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருப்பவர் அதன் வழியாக வெளியே பார்க்கலாம். நினைவுக் கற்களின் உச்சியிலும் ஜோடியாக வரும். சுவர் நடுவில் ஒற்றைக் கண்ணைப் பெரிதாகப் போடுவது இக்கால போஸ்டர் பழக்கம்.

சிறகு விரித்த சூரிய வட்டத்துக்கு வாசல் மேல்தான் இடம். கோயிலில் ஒவ்வொரு வாசல் நிலைக்கு மேலேயும் நிற்கும், கீழே நடப்பவர் அதன் காவலுக்குள் போகிறார். அந்த ஹாலில் ஒரு கதவு இருக்கும் அல்லவா? அதன் மேல் போடுங்கள்.

ஜெட் தூணும் ஐசிஸ் முடிச்சும் மாற்றி மாற்றி வரும் பட்டை அழகான ஓரம். ஜெட் ஓசைரிஸின் முதுகெலும்பு, நிலைத்து நிற்பதற்கான சின்னம்.

பெயரைச் சொல்லும் நீள்வட்டக் கட்டு அரசர், அரசியர் பெயருக்கானது. இன்று கெய்ரோ கான் எல் கலீலியில் யார் போனாலும் அவர் பெயரை அதற்குள் பொறித்துப் பதக்கம் செய்து தருகிறார்கள். எகிப்துக்காரர்களே விருப்பத்தோடு செய்து கொடுப்பது, அதனால் வாடிக்கையாளர் குடும்பப் பெயரை எழுதக் கேட்டால் தாராளமாக எழுதுங்கள்.

சித்திர எழுத்து எழுதுவதாக இருந்தால் ஒன்று மட்டும் முக்கியம். மனிதரும் விலங்கும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். ஒரு தெய்வத்தின் பேச்சோ பெயரோ எழுதும்போது எழுத்துகளும் அந்தத் தெய்வம் பார்க்கும் திசையையே பார்க்கும். எதிரே நிற்பவரின் எழுத்து எதிர்த்திசையில். சுவரில் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதே இதனால்தான் தெரிகிறது. வசதிக்காக உருவத்தை மட்டும் கண்ணாடிபோல் திருப்பிப் போட்டு எழுத்தை அப்படியே விட்டால், தெய்வம் ஒரு பக்கம் பார்க்க அதன் பேச்சு வேறு பக்கம் ஓடும். கடைகளில் பாதிப் படங்கள் இப்படித்தான் இருக்கின்றன.

---

தாழ்வாரம் எழுதியது:

அனுபிஸ் பற்றி மேற்குக்கரை தம்பி சொன்னது எனக்குப் புதுச் செய்தி. ஆனாலும் வாடிக்கையாளர் ‘அனுபிஸ்தான் வேண்டும்’ என்று ஒற்றைக்காலில் நின்றால் இவர் என்ன செய்வார்? பிழைப்பும் பார்க்க வேண்டுமே.

---

வீடும்வெளியும் எழுதியது:

ஐயா, அப்படிக் கேட்டால் மூன்றாம் துத்மோஸ் என்ற அரசரின் கல்லறையைக் காட்டலாம். அடக்க அறைச் சுவர் முழுக்க மங்கிய மஞ்சள் கலந்த சாம்பல் பூச்சு, அதன் மேல் கறுப்பிலும் சிவப்பிலும் குச்சி உருவங்கள். பெரிய பாப்பிரஸ் சுருளைச் சுவரோடு விரித்து ஒட்டினாற்போல் இருக்கும். சூரியன் ராத்திரியின் பன்னிரண்டு மணி நேரத்தைப் படகில் கடக்கும் கதை. நூற்றுக்கணக்கான தெய்வங்கள் இருந்தும் பயமோ பாரமோ தெரியாது, ஏனென்றால் எல்லாம் ஒற்றைக் கோடு. இன்றைய வீட்டுக்கு அவ்வளவு நன்றாகப் பொருந்தும். அதில் அனுபிஸுக்கும் சின்னதாக ஓர் இடம் கொடுத்துவிடலாம்.

சுவரின் அமைப்பையும் மறக்காதீர்கள். உச்சியில் கெகர் வரிசை, அதாவது நுனியில் முடிந்த கோரைக்கட்டுகள் வரிசையாக நிற்பதுபோல் ஒரு பட்டை. அதன் கீழே நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கட்டம் கட்டமாகப் போகும் ஓரம். அடியில் அடர்நிறப் பட்டை. நடுவில் எதைப் போட்டாலும் இந்த மூன்றும் இருந்தாலே எகிப்தியச் சுவராகிவிடும். கூரையிலும் கை வைக்க அனுமதி கிடைத்தால் கருநீலத்தில் ஐந்து முனை மஞ்சள் நட்சத்திரம்.

---

மேற்குக்கரை எழுதியது:

மாதிரிக்கு ஏஐ படம் வேண்டவே வேண்டாம் அக்கா. நார்மன் டி காரிஸ் டேவிஸ், அவர் மனைவி நினா இருவரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல வருஷம் லக்சரிலேயே தங்கி, கல்லறைச் சுவர்களை டெம்பரா வண்ணத்தில் பிரதி எடுத்தார்கள். உதிர்ந்த இடத்தை உதிர்ந்ததாகவே தீட்டினார் நினா, விரிசலைக்கூட விடவில்லை. அந்தப் பிரதிகளில் பெரும் பகுதி மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதன் இணையதளத்தில் பெரிய அளவில் பார்க்கலாம். பிறகு அசல் சுவரிலேயே அழிந்துபோன சில நிறங்கள் இப்போது அந்தப் பிரதிகளில் மட்டும்தான் இருக்கின்றன.

அசல்கள் எவ்வளவு நொய்ந்தவை என்பதற்கு நெஃபர்தாரியே சாட்சி. பாறைக்குள் இருக்கும் உப்பு ஈரம் பட்டால் கரைந்து வெளியே வந்து, பூச்சுக்கும் பாறைக்கும் நடுவில் படிகமாகிப் பூச்சையே தள்ளிவிடுகிறது. 1986-இல் எகிப்துத் தொல்பொருள் துறையும் அமெரிக்காவின் கெட்டி (Getty) பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து வேலையைத் தொடங்கின. முதலில் விழ இருந்த பூச்சுகளை ஜப்பானிய மல்பெரிக் காகிதப் பட்டைகளால் ஒட்டிப் பிடித்து நிறுத்தினார்கள். சுத்தம் செய்து, உரிந்ததைத் திரும்பப் பொருத்தி முடிக்க 1992 ஆயிற்று. காணாமல் போன இடத்தில் புதிதாக எதையும் வரைந்து நிரப்பவில்லை. வெறுமையாகவே விட்டார்கள். பார்க்கப் போகிறவர்களின் மூச்சும் வியர்வையும்கூட அந்த அறைக்கு ஈரம்தான். அதனால்தான் எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்பதில் அங்கே அத்தனை கண்டிப்பு காட்டினார்கள்.

---

சுவர்க்கோலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இழையில் வந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் நேரில் பேசினேன். பச்சை அறைப் பிரதியைக் காட்டியதும் அந்த அம்மா ‘இதுதான், இதுதான்’ என்று மீன்கொத்தியிலேயே கை வைத்துவிட்டார். அவர் கணவருக்குத்தான் அனுபிஸ் இல்லையே என்று மனக்குறை. அவர் படிக்கும் அறையில் ஒரு சின்னச் சுவர் காலியாக இருக்கிறது, அதில் துத்மோஸ் கல்லறை மாதிரி கோட்டோவியம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் அறைக் கதவருகே பெஸ்.

ஹாலுக்கு முடிவானது: மேலே கெகர் வரிசை, நடுவில் கோரைப்புதரும் பறவைகளும், கதவு மேல் சிறகு விரித்த சூரியன். எழுத்து வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

ஒரு சந்தேகம். மேலே வார்னிஷ் அடிக்கலாமா? ஹாலில் மதியம் வரை நேர் வெயில் விழும்.

---

செங்காவி எழுதியது:

பளபளப்பு வார்னிஷ் வேண்டாம், எகிப்தியப் பூச்சின் தன்மையே அந்த மங்கல்தான். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட மேட் அக்ரிலிக் வார்னிஷ், மஞ்சளிக்காத ரகம், மெல்லிசாக இரண்டு கை. வெயில் நேராக விழுவதால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். காவி நிறங்கள் வெயிலைத் தாங்கும். மஞ்சளுக்கு மலிவு நிறமி எடுத்தால்தான் இரண்டு வருஷத்தில் வெளிறும், அதற்கும் மஞ்சள் காவியையே போட்டுவிடுங்கள். கெகர் பட்டையை முதலில் முடித்துவிட்டுக் கீழே இறங்குங்கள். மேலிருந்து சொட்டினால் மீன்கொத்தி போய்விடும்.